ஆவி பிடித்த தகர டப்பா

பின்பக்கச் சுவரில் ஆணியில் தொங்குகிற தகர டப்பாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மூடியில் இரண்டு குழாய் மூக்கு, அடியில் சின்னதாய் ஒரு திருகு. பெரியவன் அதில் கோலியும் பம்பரக் கயிறும் போட்டு வைத்திருக்கிறான். ஒருநாள் சின்னவள் அதைச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோனபோது உங்கள் அம்மா திட்டவில்லை. புடவைத் தலைப்பால் பிடித்து வாங்கி, கொண்டுபோய்த் திரும்ப ஆணியிலேயே மாட்டினாள். கையால் தொடவில்லை. அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்து கேட்டீர்கள். அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதிப் பார்க்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதுதான் ஒர்க்ஷாப். லாரி, டிராக்டர், வேர்க்கடலை போடுகிற மணிலாக் கொல்லைகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் என்று எது வந்தாலும் பார்ப்பேன். உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சிங்கவரம் போகிற வழியில் ஒரு மச்சு வீடு இருந்தது. அதைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்று சொல்வது வழக்கம். அந்த வீட்டுக்காரர் ரொம்ப நாள் பிரான்ஸில் இருந்துவிட்டு, கடைசியில் மனைவியின் ஊர்ப்பக்கமே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை கிடையாது. வரும்போது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நீளமான வண்டி, டீசல். ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும்.

அந்த இடதுபக்க ஸ்டியரிங்கால் ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நம் ஊரில் டிரைவர் எங்கே உட்காருவான்? வலதுபக்கம். எதிரில் வருகிறவன் கண் தன்னால் அங்கேதான் போகும். இந்தக் காரில் அங்கே சொல்தாவின் மனைவி, அந்த அம்மா, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். வண்டி பாட்டுக்கு வளைந்து வளைந்து ஓடும். சைக்கிளில் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடுவார்கள். சொல்தா தனியாக ஓட்டிக்கொண்டு போனால் இன்னும் மோசம். அந்த ஸீட்டில் ஆளே இருக்காது.

காருக்குள் ஒரு காத்தாடி உண்டு. சைலன்சருக்குப் போகிற புகை அதைச் சுற்றிவிடும். சுற்றுகிற வேகத்தில் அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். அதற்கு டர்போ என்று பேர். வேகம் எடுக்கும்போது அது மெல்லிசாக ஒரு ஊளை போடும். இப்போது பஸ், லாரியெல்லாம் அப்படி வந்துவிட்டன. அன்றைக்கு எங்கள் பக்கம் அந்த ஒரு சத்தம்தான். நான் கொட்டகையில் இருந்தபடியே, சொல்தா போகிறார் என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு மாசி மாதத்தில் அவர் பனமலை ரோட்டில் செத்துப்போனார். தனியாகப் போயிருக்கிறார். நெஞ்சு வலித்திருக்கும் போல. வண்டியை ஒழுங்காகப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். உச்சி வேளை. கொல்லையில் மணிலா பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள், ரொம்ப நேரமாக ஒரு கார் உறுமிக்கொண்டே நிற்கிறதே என்று வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வலதுபக்கம் பார்த்தால் ஆள் இல்லை. சுற்றிப்போய்ப் பார்த்தால் அவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடக்கிறார். யாரோ ஒருவர் கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவியிருக்கிறார். அதற்குப் பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். ஆள் செத்துக் கிடக்க, சாவி வெளியில் இருக்க, என்ஜின் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு, திக்கித் திக்கி நின்றதாம்.

அந்தப் பெண்கள் அப்புறம் அந்தக் கொல்லைக்கு வேலைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் சிரித்தேன். பயத்தில் ஏதோ உளறுகிறார்கள் என்று நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அந்த அம்மா என் கொட்டகைக்கு நடந்தே வந்தார். புருஷன் போனபிறகு வைத்த டிரைவர் ஓடிப்போய்விட்டானாம். வண்டியை நீதான் பார்க்க வேண்டும் என்றார். என்னம்மா கோளாறு என்று கேட்டேன்.

"சாவிய எடுத்தாலும் இழுத்துக்கிட்டே இருக்குது தம்பி."

உயிர் போகாமல் படுத்துக்கிடக்கிறவர்களைப் பற்றித்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வார்கள். என்ஜினுக்கும் நாங்கள் அதே வார்த்தையைத்தான் சொல்லுவோம், வண்டி இழுக்கிறது, இழுக்கவில்லை என்று. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

மறுநாள் போனேன். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால்தான் அப்படிச் செய்யும் என்றார். எங்கே போகலாம் என்றேன். பனமலை ரோட்டுக்குப் போ என்றார். வலதுபக்க ஸீட்டில் ஏறி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுவது அதுதான் முதல் தடவை. ரோட்டின் ஓரம் என் காலுக்கடியிலேயே ஓடுவது மாதிரி இருந்தது. எதிரே பஸ் வந்தால் அந்த அம்மாதான் முதலில் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், மடியில் இருக்கிற விரலை மட்டும் ஒரு தடவை மடக்குவார். புருஷனோடு போய்ப் போய்ப் பழகின சைகை அது என்று போகப் போகப் புரிந்தது. நானும் அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். சொல்தா இருந்த இடத்தில் நான் உட்கார்ந்து, அவர் பார்த்த விரலைப் பார்த்து ஓட்டுகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதன் பிறகு அந்த ஸீட் எனக்குச் சூடாகத் தெரிந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கொல்லைகளில் ஒரு ஆள் இல்லை, தூரத்தில் ஏரி மட்டும் தகதகவென்று கண்ணைக் கூசச் செய்தது. சாவியைத் திருப்பி வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

என்ஜின் நிற்கவில்லை.

முதலில் ஒரு குலுக்கல். நிற்கப் போகிறது என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே எங்கிருந்தோ எதையோ எடுத்துக்கொண்ட மாதிரி மறுபடி சீராக ஓட ஆரம்பித்தது. டீசல் வருவது நின்றுவிட்டது. சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது. பின்னால் நீலப் புகை புளியமரத்தில் ஏறிக் கிளைகளுக்குள் தங்கியது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டினேன். அதன்பின் சத்தம் இறங்கியது. ஒரு உறுமல், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு உறுமல், அதைவிடக் கூடுதலாக இடைவெளி. இதோடு முடிந்தது என்று நினைத்தபோது இன்னும் ஒன்று. பிறகு இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை முன்னால் சாய்த்து, காதை டாஷ்போர்டுப் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பயந்த முகம் இல்லை அது. எனக்குத்தான் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். வேலை என்று கை வைத்ததும் பயம் குறைந்துவிட்டது, என் சுபாவம் அப்படி. காத்தாடிக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்பு எண்ணெய் தேங்கி நிற்கிறது. விஷயம் பிடிபட்டுவிட்டது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். என்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அதைச் சுற்றி ரிங் இருக்கும். ரிங் தேய்ந்தால் மேலே வெடிக்கிற புகை கொஞ்சம் கீழே, எண்ணெய் இருக்கிற இடத்துக்கு இறங்கிவிடும். அங்கே அடைந்து கிடக்காமல் வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அந்தப் புகை எண்ணெயையும் ஆவியாக்கிக் கூட அழைத்துக்கொண்டு வரும். இந்தக் காரில் அந்தக் குழாயைக் காத்தாடியின் வாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். காத்தாடி அதை உறிஞ்சி என்ஜினுக்குக் கொடுக்கிறது. டீசல் என்ஜினுக்கு எண்ணெய் கிடைத்தால் போதும், எரித்துக்கொண்டு ஓடும். சாவி டீசலைத்தான் நிறுத்தும். என்ஜின் தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடினால் சாவி என்ன செய்யும்?

ரிங் மாற்றலாம். ஆனால் சாமான் பிரான்ஸிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் அந்தக் குழாய்க்கு நடுவில் ஒரு டப்பா வைத்துவிட்டால், எண்ணெய் டப்பாவுக்குள் விழுந்து தங்கிவிடும், வெறும் காற்று மட்டும் போகும். லாரிகளில் நான் செய்திருக்கிறேன்.

காரோடு வந்த புத்தகம் ஒன்றை அந்த அம்மா எடுத்துவந்து கொடுத்தார். எல்லாம் பிரெஞ்சு. படம் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. சொல்தா ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழில் பேர் எழுதி வைத்திருந்தார். அந்தக் குழாய்க்கு அம்புக்குறி போட்டு, 'மூச்சு' என்று எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாய்விட்டுப் படித்தேன். படித்துவிட்டுச் சொன்னேன்:

"இந்த மூச்சுதாம்மா பிரச்சனை. இத ஒரு டப்பாவில புடிச்சு அடைச்சிட்டன்னா, சாவிய எடுத்ததும் கம்முனு நின்னுடும்."

அவர் முகம் மாறியது. சரி தம்பி என்றார். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைத்தெருவில் தகர வேலை செய்கிற பாய் ஒருவர் இருந்தார். முறம், எண்ணெய்ப் புனல், விளக்கு என்று அவர் அடித்துக் கொடுக்காத சாமான் செஞ்சியில் இல்லை. அவர் கடைக்குப் பக்கத்திலேயே டீக்கடை. நான் அங்கே நின்றுகொண்டு நாலு பேர் காதில் விழ ஒரு முட்டாள்தனம் செய்தேன். சொல்தா காரில் ஆவி வருகிறது, அதைப் பிடிக்க ஒரு டப்பா வேண்டும் என்று சொன்னேன். எண்ணெய் ஆவியைத்தான் சொன்னேன். டீக்கடையில் அத்தனை கிளாஸும் பாதியில் நின்றுவிட்டன.

பாய் தலையைத் தூக்காமல் தகரத்தை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாப்பா, எப்போ மந்திரிக்கிற வேலைக்கு மாறின? ஸ்பேனர் புடிச்சு கை வலிக்குதா?"

எண்ணெய் ஆவி பாய், எண்ணெய் ஆவி என்று பத்துத் தடவை விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. டீக்கடைக்குப் புரியவில்லை.

"நான் தகரம் அடிக்கறவன்," என்றார் பாய். "உள்ள எது வந்து உக்காந்தாலும் ஒழுகாம அடிச்சுத் தரேன். அது யாருன்னு மட்டும் என்னாண்ட சொல்லாத."

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் பூராவும் பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் உங்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு, உன் வீட்டுக்காரர் சொல்தாவின் ஆவியை டப்பாவில் அடைக்கப் போகிறாராமே, அடைத்துவிட்டு டப்பாவை எங்கே வைப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் வயிற்றில் அப்போது பெரியவன். உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஒரே வார்த்தை. வெளியே வேலியில் மாட்டினேன். காற்றடித்தால் அந்த இரண்டு மூக்கிலும் பூந்து ஊ என்று சத்தம் வந்தது. எழுந்துபோய்த் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு வந்தேன். பயந்து அல்ல, அவள் தூங்கட்டும் என்றுதான்.

காரில் பொருத்தப் போனேன். டப்பாவுக்குள் எண்ணெயைத் தடுக்க ஏதாவது திணிக்க வேண்டும். கைக்குக் கிடைத்தது தேங்காய் நார். நன்றாக அமுக்கித் திணித்துவிட்டேன். அது தப்பு. என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரத்தில் நார் எண்ணெயில் ஊறிக் கெட்டியாகி அடைத்துக்கொண்டது. புகைக்குப் போக வழி இல்லை. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி ஒன்று என்ஜினில் செருகியிருக்கும் இல்லையா, அது யாரும் தொடாமல் மெல்ல மேலே எழுந்தது. ஒரு விரல், இரண்டு விரல். பிறகு டப்பென்று துள்ளி வெளியே விழுந்தது. அந்தத் துளையிலிருந்து புகை விட்டு விட்டு வந்தது, இளைப்பு வாங்குகிற மாதிரி.

பின்னாலிருந்து அந்த அம்மா என் தோளைப் பிடித்தார்.

"மூச்சு முட்டுது தம்பி. எடுத்துடு. எடுத்துடு அத."

என்ஜினைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆமாம்மா என்றேன். நாரை எடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் தளர்வாக வைத்தேன். சரியாகிவிட்டது. செஞ்சியைச் சுற்றி நன்றாக ஓட்டி, சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். பட்டென்று நின்றது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்க ஒன்றும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான், வாரம் ஒருதடவை வந்து டப்பாவில் சேருகிற எண்ணெயை இறக்கிவிட்டுப் போகிறேன் என்றேன். டீ கொண்டுவந்து கொடுத்தார். கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் போய்த் திருகைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. டப்பா துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பானெட்டுக்குள் குனிந்து பார்த்தேன். டப்பாவுக்குப் போகிற குழாயைப் பிடுங்கி, பழையபடி காத்தாடியின் வாயிலேயே செருகி, வேட்டிக் கரைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தது. முடிச்சு மட்டும் அவ்வளவு பதமாக, காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் கை வைத்தது என்று கேட்டேன். அந்த அம்மா மறைக்கவில்லை. நான்தான் என்றார். நான் பொருத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். தினமும் உச்சி வேளையில் காரை ஷெட்டிலேயே நிறுத்தி ஓடவிட்டிருக்கிறார். ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும். சூடேறுகிற வரைக்கும் கிளப்பிவிட்டு அதன்பிறகு சாவியைத் திருப்புவாராம்.

ஏம்மா இப்படி என்று கேட்டேன். முந்தானையால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். புருஷன் செத்த சேதி வரும்போது அவர் புடவை துவைத்துக்கொண்டிருந்தாராம். அத்தனை வருஷம் கூடவே இருந்துவிட்டு, கடைசியில் அவர் தனியாக ரோட்டில் போயிருக்கிறார். உடம்பைக் கொண்டுவந்து போடும்போது வாய் கட்டியிருந்தது.

"போற உசுருக்கு வாயில ரெண்டு சொட்டு பால் ஊத்தக்கூட எனக்குக் குடுத்து வெக்கல. கூட இருந்தது இந்த வண்டிதான். அவர் மூச்ச இதுதான் வாங்கி வெச்சிருக்குது. சாவிய திருப்பினா அவரு போறது எனக்குக் கேக்குது தம்பி. தினம் ஒருவாட்டி பக்கத்துல இருக்கேன். நீ அத போயி டப்பாவுல அடைக்கிறேன்ற."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் படித்துக் காட்டிய அந்த ஒரு வார்த்தை, சொல்தா எழுதி வைத்துவிட்டுப் போன வார்த்தை, இந்த அம்மா காதில் எப்படி விழுந்திருக்கிறது என்று. ரிங், புகை, எண்ணெய் என்று விளக்க வாயெடுத்து விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொன்னேன். இது இப்படியே போனால் ஒருநாள் நிற்காது, எண்ணெய் அதிகம் சேர்ந்துவிட்டால் சத்தம் ஏறிக்கொண்டே போய் என்ஜின் வெடித்துவிடும், நீங்கள் உள்ளே இருப்பீர்கள்.

அவர் யோசித்தார். கடைசியாக ஒரே ஒருதடவை, நீயும் பக்கத்தில் இரு, அப்புறம் உன் டப்பாவை மாட்டிவிடு என்றார். நான் சரி என்றிருக்கக் கூடாது. சரி என்றேன்.

ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினேன். எதிரே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒரு காக்கை இல்லை. அவர் இடதுபக்கம் புருஷன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதல் தடவையாக அவரை அந்த இடத்தில் பார்க்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் முன்சக்கரத்தின் பக்கம் நின்றேன். நன்றாகச் சூடானபிறகு தலையாட்டினேன். அவர் சாவியைத் திருப்பினார்.

குலுக்கல் வந்தது. உறுமல் வந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டியதும் இறங்க வேண்டிய சத்தம் இறங்கவில்லை, ஏறியது. காத்தாடியின் ஊளை கிளம்பியது, வேகமாகப் போகும்போது மட்டும் வருகிற அந்த ஊளை, நிற்கிற வண்டியில். ஒரு வாரத்து எண்ணெய் முழுக்கக் குழாயில் சேர்ந்திருந்திருக்கிறது. நீலப் புகை வாசல் பூராவும் நிரம்பி, வீடு மறைந்துவிட்டது. இறங்கும்மா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் காதை டாஷ்போர்டில் வைத்துக் குனிந்திருந்தார். கியரில் போட்டு நிறுத்தலாம், ஆனால் அந்த ஸீட்டில் அவர் இருக்கிறார்.

கிணற்றடியில் நனைந்து கிடந்த கோணியை எடுத்து நாலாய் மடித்தேன். காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, காத்தாடியின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன்.

பிள்ளைகளே, இதைத்தான் என்னால் வாயால் சொல்ல முடியாது. அது என் கையை இழுத்தது. கோணியோடு சேர்த்து உள்ளங்கையை உள்ளே உறிஞ்சியது. உடம்பு முழுக்க உதறியது, வண்டி உடம்பைச் சொல்கிறேன். நான் விடவில்லை. மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது. ஒரு பெரிய இழுப்பு, கொஞ்சம் சும்மா, மறுபடி ஒரு சின்ன இழுப்பு. கடைசியாக ஒன்று, ரொம்பப் பலவீனமாக, என் உள்ளங்கையில் மட்டும் தெரிந்தது. பிறகு இல்லை. ஒரு மனுஷனின் வாயைப் பொத்தினவன் மாதிரி நான் கையை எடுக்கத் தெரியாமல் நின்றேன். அந்தக் கடைசி உறுமல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

புகை கலைய நேரமாயிற்று. அவர் இறங்கி வந்தார். என் கையைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார்.

"போயிட்டாரா?"

எட்டாவது படித்த மெக்கானிக் என்ன சொல்ல வேண்டும்? எண்ணெய் தீர்ந்துவிட்டது, காற்று நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

"போயிட்டாரும்மா," என்றேன். "நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

அவர் வீட்டுக்குள் போனார். சின்ன டம்ளரில் பாலும் ஒரு ஸ்பூனும் எடுத்துவந்தார். மூச்சுக் குழாய் எது என்று கேட்டார். நான் காட்டினேன். என்ஜினுக்குள் பால் போகலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். போகக் கூடாது. எனக்கும் தெரியும். இரண்டு சொட்டு ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அப்போது அழவே ஆரம்பிக்கவில்லை. நான் குழாயை டப்பாவில் செருகி, கிளிப்பை முறுக்கி முடிக்கும்போதுதான் அழுகைச் சத்தம் வந்தது. நான் திரும்பாமல் வேலையைச் செய்தேன்.

அதன் பிறகு அந்தக் கிளிப்பை யாரும் கழற்றவில்லை. புது டிரைவர் வந்தான். வண்டி நன்றாக ஓடியது, சாவியைத் திருப்பினால் நின்றது. வாரம் ஒருதடவை நான் போய் டப்பாவைத் திறந்து இறக்குவேன். கறுப்பு எண்ணெய் வரும். எண்ணெய் நின்றதும் அடியிலிருந்து வெள்ளையாக, ஆடை மாதிரி கொஞ்சம் வரும். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே கேட்பார், என்ன நிறம் தம்பி என்று. கடைசியில் வெள்ளையாக வருகிறதும்மா என்பேன். சரி என்று தலையாட்டுவார். அதற்குமேல் கேட்கமாட்டார்.

அந்த வெள்ளைக்குக் காரணம் எனக்குத் தெரியும். குளிர் காலத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் வியர்க்கும், எண்ணெயோடு கலந்தால் பால் மாதிரி ஆகிவிடும். மார்கழியில் எந்த டீசல் வண்டியிலும் அதைக் காட்டுவேன். ஆனால் சித்திரை வெயிலிலும் அந்த டப்பாவில் அது வந்தது. பாறை வெடிக்கிற மாதிரி காய்கிற மாதத்தில், தொடமுடியாத சூட்டில் கழற்றினாலும், கடைசியில் இரண்டு சொட்டு வெள்ளையாக விழும். அதற்கு எனக்குக் காரணம் தெரியாது. தேடவும் இல்லை.

சில வருஷம் கழித்து அந்த அம்மா புதுச்சேரியில் தங்கை வீட்டோடு இருக்கப் போனார். காரைப் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். போவதற்கு முன் டப்பாவை மட்டும் கழற்றி, வேட்டித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். காலியாகத்தான் இருக்கிறது, பயப்படாதே என்றார். நான் கழுவித்தான் ஆணியில் மாட்டினேன்.

பெரியவனே, கோலியை வேறு எதிலாவது போட்டுக்கொள். உன் அம்மா சொல்வதற்காக அல்ல. போன வாரம் நீ ஸ்கூலுக்குப் போனபிறகு உன் கோலிகளைக் கொட்டிவிட்டு, அடியில் இருக்கிற திருகைச் சும்மா ஒருதடவை திறந்து பார்த்தேன். உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் விழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு திருகை மூடினேன்.